கதவு திறக்கும் தூரம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2011 வரை ஒரு நடைமுறை இருந்தது. சாலையோரம் நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறந்து, சைக்கிளில் வந்தவர் அதில் மோதி விழுந்தால், அது சாலை விபத்துக் கணக்கில் ஏறாது. கார்தான் ஓடவில்லையே, பிறகு அது எப்படி வாகன விபத்தாகும் என்பது கணக்கெடுத்தவர்களின் வாதம். சிகாகோ நகரத்துச் சைக்கிள் அமைப்புகள் விடாமல் வலியுறுத்தியதில், அந்த ஆண்டு ஆளுநர் பாட் குவின் இதை மாற்றினார். அதுவரை கை எலும்பு முறிந்தவர்களும் மண்டை உடைந்தவர்களும் மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தார்கள். சாலைத் துறையின் பதிவேட்டில் இல்லை.

நின்றுகொண்டிருக்கும் காரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பயம் எல்லாம் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பேருந்தின் மேலும் லாரியின் மேலும்தான். அதனால் சைக்கிளில் போகிறவருக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றே: "ஓரமாப் போ." தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் அப்பாவும் அம்மாவும் சொல்வது அதைத்தான். வெறும் சாலையில் அது சரியான புத்திமதி. ஓரத்தில் கார்கள் வரிசையாக நிற்கும் கடைத்தெருவில் அதே புத்திமதி பிள்ளையைக் கதவு திறக்கும் இடத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. கார்களை உரசினாற்போல் போகும் சைக்கிள்காரர் தன்னைப் பாதுகாப்பானவர் என்று நம்பிக்கொண்டு போகிறார். அந்த நம்பிக்கை ஏன் தவறு என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் கதவின் அளவு. ஒரு சாதாரணக் காரின் முன்கதவு 1 மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை நீளம் இருக்கும். முழுக்கத் திறந்தாலும் அது காருக்குச் செங்குத்தாக நிற்காது. ஏறத்தாழ 65, 70 பாகை சுழன்று நின்றுவிடும். ஆகவே காரின் பக்கத்திலிருந்து சாலைக்குள் சுமார் ஒரு மீட்டர், சில கார்களில் அதற்குச் சற்று மேலும் நீளும். இரண்டே கதவுள்ள கார்களின் கதவு இன்னும் பெரியது.

சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்காக 2004இல் நடந்த ஆய்வில் இதை வீதியிலேயே அளந்து பார்த்தார்கள். நடைபாதை விளிம்பிலிருந்து 9.5 அடி தூரத்துக்குள் 85 விழுக்காடு கதவுகள் அடங்கின. அதோடு அரை அடி இடைவெளி, ஹேண்டில்பாரின் பாதி அகலம் ஓர் அடி என்று சேர்த்தால் 11 அடி. சைக்கிளின் சக்கரம் நடைபாதை விளிம்பிலிருந்து 11 அடி தள்ளி, அதாவது 3.35 மீட்டர் தள்ளி உருள வேண்டும் என்று முடிவு செய்து, அந்த இடத்தில் சாலையின் மேலேயே ஒரு சைக்கிள் படமும் இரண்டு அம்புக்கூர்களும் வரைந்தார்கள். 2009இல் அமெரிக்காவின் தேசிய சாலைக் குறியீட்டுக் கையேடு அதே 11 அடியைக் குறைந்தபட்ச அளவாக ஏற்றுக்கொண்டது.

85 விழுக்காடு என்றால் மீதி 15 விழுக்காடு கதவுகள் அந்த 9.5 அடியையும் தாண்டின என்று பொருள். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, நிற்கும் வாகனங்களைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலம் அல்லது 1 மீட்டர் விட்டுப் போகச் சொல்கிறது. அந்த 1 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். சைக்கிளை ஓட்டுகிறவரின் கண் முன்சக்கரத்தையே வைத்து இடைவெளியை மதிப்பிடும். ஆனால் காருக்கு மிக அருகில் போவது சக்கரம் அல்ல, ஹேண்டிலின் முனை. அது சக்கரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் 1 மீட்டர் தள்ளி உருண்டால் கைப்பிடி 70 சென்டிமீட்டரில்தான் போகிறது. முழுக்கத் திறக்கும் கதவுக்கு அது எட்டும். கதவுக்கு ஒரு மீட்டர், கைப்பிடிக்கு முப்பது சென்டிமீட்டர், சிறு தடுமாற்றத்துக்கு இருபது என்று கூட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கும் காருக்கும் இடையே ஒன்றரை மீட்டர் வேண்டும்.

இனி நேரம். சமதரையில் சாதாரணமாக மிதிக்கும் ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5.5 மீட்டர். கண் முன்னே ஏதோ அசைகிறது என்று உணர்ந்து, அது கதவு என்று புரிந்து, விரல்கள் பிரேக்கை இறுக்குவதற்கு ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில் சைக்கிள் வேகம் குறையாமல் 5.5 மீட்டர் ஓடிவிடுகிறது. பிறகு பிரேக் நன்றாகப் பிடித்தாலும், காய்ந்த சாலையில் முழுமையாக நிற்க இன்னும் 4 மீட்டர் வேண்டும். மொத்தம் ஒன்பதரை மீட்டர், அதாவது இரண்டு கார்களின் நீளத்துக்கும் மேல். கதவோ ஒரு நொடிக்குள் திறந்துவிடுகிறது. அது திறக்கும்போது நாம் பெரும்பாலும் அந்தக் காரின் பின்பக்கத்தை ஒட்டி வந்துவிட்டிருப்போம், மூன்று நான்கு மீட்டர் தூரத்தில். எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும், இந்தக் கணக்கில் ஜெயிக்க முடியாது. மழைநாளில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் வழுக்கும்போது கேட்கவே வேண்டாம்.

வேகத்தைக் குறைத்தால் கணக்கு மாறுகிறது, அதுவும் கணிசமாக. மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் அந்த ஒரு நொடியில் கடப்பது 2.8 மீட்டர், பிரேக் பிடித்தபின் ஓடுவது 1 மீட்டர். மொத்தம் நான்கு மீட்டருக்குள் நின்றுவிடலாம். இடைவெளி இல்லையென்றால் வேகம் இருக்கக் கூடாது, வேகம் வேண்டுமென்றால் இடைவெளி வேண்டும். இடைவெளியும் விடாமல், வேகத்தையும் குறைக்காமல் கார்களின் பக்கத்தை உரசிக்கொண்டு விரைவதுதான் அன்றாடம் நம் தெருக்களில் நடக்கிறது.

மோதல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த விபத்தின் கொடுமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கதவின் முகப்பில் நேராகப் போய் முட்டுவது ஒரு வகை; அதில் மார்பும் முகமும் அடிபடும். ஆனால் கதவின் ஓரம் ஹேண்டிலின் முனையை மட்டும் லேசாகத் தட்டிவிட்டுப் போகும் இன்னொரு வகை உண்டு. பார்க்கச் சின்ன உரசல். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் சைக்கிளின் இயக்கவியல்.

ஓடும் சைக்கிளை வலப்பக்கம் திருப்ப நாம் என்ன செய்கிறோம்? ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் முதல் கணத்தில் நம் கைகள் ஹேண்டிலை ஒரு நூலளவு இடப்பக்கம் திருப்புகின்றன. முன்சக்கரம் இடப்பக்கம் நகர்கிறது. மேலே இருக்கும் உடல் வந்த திசையிலேயே போகப் பார்க்கிறது. தாங்கும் இடம் இடப்பக்கம் விலகிவிட்டதால் சைக்கிளும் ஆளும் வலப்பக்கம் சாய்கிறார்கள். அந்தச் சாய்வு கிடைத்த பிறகே ஹேண்டில் வலப்பக்கம் திரும்பி வளைவை எடுக்கிறது. இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கவனித்திருந்தார். சைக்கிள் ஓட்டும் பலரிடம் கேட்டுப் பார்த்தும், தாங்கள் செய்வதைச் சரியாகச் சொன்னவர் அரிது என்பதையும் கண்டுகொண்டார்.

இப்போது கதவுக்கு வருவோம். நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம். நிற்கும் கார்கள் நமக்கு இடப்பக்கம். திறந்த கதவின் ஓரம் இடது கைப்பிடியைப் பிடித்து நிறுத்துகிறது. சைக்கிள் முன்னே போகிறது. ஹேண்டில் சடாரென்று இடப்பக்கம் வெட்டித் திரும்புகிறது. மேலே சொன்ன அதே இயக்கம், நூலளவாக அல்ல, முழு வேகத்தில். சக்கரம் இடப்பக்கம் காரை நோக்கி ஓட, ஓட்டுகிறவர் வலப்பக்கமும் முன்பக்கமும் தூக்கி எறியப்படுகிறார். வலப்பக்கம் என்பது சாலையின் நடுப்பக்கம், பேருந்து வந்துகொண்டிருக்கும் பக்கம். கதவில் பட்ட அடி ஒரு சிராய்ப்பாக முடிந்திருக்கலாம். பின்னால் வந்த வாகனத்துக்கு நிறுத்த நேரமில்லை. கதவைப் பார்த்துப் பதறி வலப்பக்கம் ஒடித்தவருக்கும் இதே கதிதான். மோதல் நடந்ததாகக்கூட இராது, காரில் ஒரு கீறல் இராது, கதவைத் திறந்தவர் தனக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு இருப்பதையே உணராமல் நிற்கலாம்.

திறந்தவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக நான் விரும்பவில்லை. அவருடைய கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காரின் பக்கக் கண்ணாடி நம் ஊரில் பெரும்பாலும் குவியாடி. பரந்த காட்சி கிடைக்கும்; ஆனால் எல்லாம் சிறியதாகவும், இருப்பதைவிடத் தூரத்திலும் தெரியும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள சைக்கிளும் ஆளும் 20 மீட்டர் பின்னால் வருகையில், நேரே பார்த்தாலே கண்ணுக்கு 1.7 பாகைதான் அகலம். 10 மீட்டரில் அது இரட்டிப்பாகிறது, 5 மீட்டரில் மீண்டும் இரட்டிப்பாகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் முதல் இரட்டிப்புக்கு 1.8 நொடி பிடிக்கும்; அடுத்ததற்கு 0.9 நொடி, அதற்கடுத்ததற்கு அரை நொடிகூட இல்லை. அதாவது நெடுநேரம் சின்னப் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசியில் பொங்கி வருகிறது. ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பிறகு போனையும் பையையும் எடுத்துக்கொண்டு, இரண்டு நொடி கழித்துக் கதவைத் தள்ளுகிறவர் பார்த்த சாலை வேறு, கதவு திறக்கும் சாலை வேறு. அந்த இரண்டு நொடியில் சைக்கிள் 11 மீட்டர் முன்னேறியிருக்கும். மிக அருகில் வந்துவிட்ட சைக்கிள் கண்ணாடியின் வரம்பிலிருந்தே விலகி, தோளுக்குப் பின்னால் உள்ள மறைவிடத்துக்குள் போய்விடும்.

கண்ணில் பட்டாலும் மனத்தில் படாமல் போவதுண்டு. 1999இல் ஹார்வர்டில் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் நடத்திய சோதனை உலகம் அறிந்தது: பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடத்தில் நடந்துபோன ஆளைப் பார்க்கவேயில்லை. கதவைத் திறக்குமுன் கண்ணாடியைப் பார்க்கிறவர் பெரும்பாலும் தேடுவது தன் கதவைப் பெயர்த்துவிடக்கூடிய இன்னொரு காரையோ லாரியையோதான். சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அந்தத் தேடலில் அகப்படுவதில்லை.

இதற்கு நெதர்லாந்தில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள ஒரு வழி மிக எளிமையானது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்காமல், தள்ளியிருக்கும் கையால் திறப்பது. நம் ஊர் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது உடம்பு தானாகத் திரும்புகிறது. தோள் திரும்பினால் தலை திரும்புகிறது. கண் முதலில் பக்கக் கண்ணாடியைக் கடந்து, பிறகு ஜன்னல் வழியே பின்பக்கச் சாலையைத் தொடுகிறது. கண்ணாடிக்கு எட்டாத மறைவிடம் அந்த ஒரே திருப்பத்தில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: குறுக்கே நீட்டிய கையால் கதவை வீசித் தள்ள முடியாது. ஒரு சாண் திறந்து, பார்த்து, பிறகு மீதியைத் திறப்பதே இயல்பாகிறது.

2016இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், இன்மன் சதுக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் திறந்த கதவினால் உயிரிழந்தபின், ஓய்வுபெற்ற மருத்துவர் மைக்கேல் சார்னி இந்தப் பழக்கத்தைப் பரப்பும் இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்த மாநிலத்தின் ஓட்டுநர் கையேட்டில் அது இடம்பெற்றது. பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 239ஆம் விதி அதைச் சொல்கிறது. கையை மாற்றுவதில் மந்திரம் எதுவும் இல்லை. திரும்பிய தலை பார்க்கவும் வேண்டும். ஆனால் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் முறை நினைவூட்டுவதைவிட, பார்க்காமல் திறப்பதைக் கடினமாக்கும் பழக்கம் ஒன்று கைக்கு வந்துவிடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டன் அந்த விதிக்கு வந்து சேர்வதற்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த ஆபத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2016 அக்டோபரில் லண்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, போக்குவரத்து நெரிசலில் நின்ற அமைச்சரகக் காரிலிருந்து இறங்க அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் கதவைத் திறந்தார். இடப்பக்கம் வந்த சைக்கிள்காரர் அதில் மோதி விழுந்தார். அது ஓட்டுநரின் கதவு அல்ல, பயணியின் கதவு. கார் பார்க்கிங்கிலும் இல்லை, சாலை நடுவே நின்றது. சென்னையிலோ மதுரையிலோ சிக்னலில் வண்டிகள் நிற்கும்போது, "இங்கேயே இறங்கிக்கறேன்" என்று டாக்ஸியின் இடது கதவைத் திறப்பவர்களை நினைத்துப் பாருங்கள். நிற்கும் வண்டிகளுக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில் சைக்கிளை நுழைப்பது அதனால்தான் அபாயம். அந்தச் சந்தில் ஒன்றரை மீட்டர் கிடைக்கவே கிடைக்காது. போயே ஆக வேண்டுமென்றால் நடக்கும் வேகத்தில் போக வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் பல இடங்களில் மென்மையாகவே இருக்கிறது. பிறருக்கு ஆபத்து நேராது என்று உறுதி செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது என்று 1968இன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்கிறது. பிரிட்டனில் 1986இன் விதிப்படி அது குற்றம். ஆனால் அதிகபட்சத் தண்டனை 1,000 பவுண்டு அபராதம் மட்டுமே, விழுந்தவர் இறந்தாலும். கதவைத் திறப்பது வண்டி ஓட்டுவது ஆகாது என்பதால், ஓட்டும்போது நேரும் மரணத்துக்கான கடும் சட்டங்கள் இங்கே பொருந்துவதில்லை. இல்லினாயில் கணக்கெடுத்தவர்களின் அதே வாதம், வேறு உடையில்.

ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகச் சொன்னால் உடனே வரும் கேள்வி: பின்னால் வரும் லாரி அடித்துவிடாதா? நியாயமான பயம். ஆனால் பின்னால் வருகிற ஓட்டுநரின் பார்வை தன் பாதையின் நடுவே குவிந்திருக்கிறது. கார்களின் நிழலில் ஒட்டிப் போகும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தப்பலாம். அவர் பாதையில் நேராகப் போகும் சைக்கிளைக் காண்பது எளிது. மேலும் அவருக்கு நம்மைப் பார்த்து நிதானிக்கப் பல நொடிகள் இருக்கின்றன. கதவோ நமக்கு ஒரு நொடியும் தருவதில்லை. உண்மையான ஆபத்து இரண்டு கார்களுக்கு நடுவே வெற்றிடம் கிடைத்ததும் உள்ளே ஒதுங்கி, அடுத்த கார் வந்ததும் மறுபடி வெளியே வளைவதில் இருக்கிறது. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருகிறவருக்கு நாம் திடீரென்று முளைக்கிறோம். கார் வரிசை தொடங்குவதற்கு வெகு முன்பே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கை காட்டி, வெளியே வந்து, வரிசை முடியும்வரை ஒரே கோட்டில் போக வேண்டும். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். வேகமான வாகனங்கள் நெருக்கியடித்து ஓடும் பெருஞ்சாலையில் இது முடியாது. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி, அல்லது வேறு தெரு.

எந்தக் கதவு திறக்கும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இப்போதுதான் அணைந்த பிரேக் விளக்கு, உள்ளே எரியும் விளக்கு, பின்கண்ணாடி வழியே தெரியும் தலை, அப்போதுதான் நின்ற டாக்ஸி. இவற்றைக் கவனிப்பது நல்லது, நம்பியிருப்பது நல்லதல்ல. சீட்டின் தலைசாய்ப்பு ஆளை மறைக்கும், வெயிலுக்கு ஒட்டிய கறுப்புத் தாள் எல்லாவற்றையும் மறைக்கும். ஏசி போட்டு ஜன்னல் ஏற்றிய காருக்குள் சைக்கிள் மணி கேட்காது.

ஆனால் எல்லாச் சுமையையும் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. சாலையே வேறு விதமாக அமையலாம். நிற்கும் கார்களை ஒட்டிக் கோடு கிழித்து, இதுதான் சைக்கிள் பாதை என்று சொல்லிவிடுவது இருப்பதிலேயே மோசமான அமைப்பு; ஒன்றரை மீட்டர் பாதையில் ஒரு மீட்டர் கதவுக்குரியது. கோட்டுக்குள் கீழ்ப்படிந்து போகிறவரே அடிபடுவார். நியூயார்க் 2007இல் ஒன்பதாம் அவென்யூவில் வரிசையை மாற்றிப் போட்டது: நடைபாதை, அதை ஒட்டிச் சைக்கிள் பாதை, பிறகு ஓர் இடைவெளி, அதற்கப்பால் பார்க்கிங், அதற்கப்பால் ஓடும் வண்டிகள். நிற்கும் கார்களே சைக்கிளுக்குக் காவலாகின்றன. நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் இப்படி அமைத்தால், பயணி பக்கக் கதவு மட்டுமே சைக்கிள் பாதைப் பக்கம் திறக்கும். பல கார்களில் ஓட்டுநர் தனியாகவே வருகிறார். அப்படியும் அந்த இடைவெளி 3 அடியாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ பரிந்துரைக்கிறது. பார்க்கிங்குக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த நம் நகராட்சிகளுக்கு அந்த மூன்றடியை ஒதுக்குவதும் முடியாத காரியம் அல்ல.

கார்களும் மாறத் தொடங்கியுள்ளன. பின்பம்பரில் உள்ள ரேடார் சைக்கிள் வருவதை உணர்ந்து எச்சரிக்கும் அல்லது கதவைச் சற்று நேரம் திறக்கவிடாமல் பிடிக்கும் வசதி சில கார்களில் வந்துவிட்டது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2023 முதல் தன் பாதுகாப்புச் சோதனையில் இதற்கும் மதிப்பெண் தருகிறது. நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது இல்லை. அவற்றில் பலவற்றில் இருப்பது வேறொன்று. வலப்பக்கப் பின்கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள், பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். குழந்தைப் பூட்டு என்று அதற்குப் பெயர். அதைத் தள்ளிவிட்டால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் இடப்பக்கம் நடைபாதையை நோக்கித்தான் இறங்க முடியும். ஐந்து நொடி வேலை, காசு செலவில்லை, இன்று மாலையே செய்துவிடலாம்.